கண் திறக்காத விமானி

“தொட்டுப் பாரு! கையை ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்!”

“ஒடிங்க. ரெண்டு கையையும் ஒடிங்க. பல்லால கடிச்சாவது அந்தக் கண்ணாடியைப் பேத்து எடுக்கத்தான் போறேன்.”

“எடுத்தா உன் பிள்ளை செத்துருவான்டி!”

“இப்ப மட்டும் என்ன, எந்திரிச்சு உக்காந்து புரோட்டாவா திங்கிறான்?”

மிக்சியை அணைத்தேன். தேங்காய் பாதிதான் அரைந்திருந்தது. அது எங்கே ஓடிப்போகிறது.

என் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கும் ஜெயக்கொடி வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற சந்துதான் இருக்கிறது. அவள் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது அவள் புருஷன் அழகுராஜாவுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும். இதை வைத்துத் திருநகரில் சில பேர் என்னை ஒட்டுக் கேட்கிறவள் என்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள்தான் மறுநாள் காலையில், “என்ன மீனாக்கா, நேத்து அங்க ஒரே சத்தமாமே?” என்று என் வாசலில் வந்து நிற்பார்கள்.

அந்தப் புருஷன் பெண்டாட்டி சண்டை போடுவது புதிதில்லை. உப்புக்கு ஒரு சண்டை, ரிமோட்டுக்கு ஒரு சண்டை, அழகுராஜாவின் தங்கச்சி வந்துவிட்டுப் போனால் ஒரு வாரத்துக்குச் சண்டை. எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அன்றைக்கு அவர்கள் அடித்துக்கொண்டது ஒரு சாண் அகலமுள்ள பிளாஸ்டிக் விமானத்துக்காக. அதற்குள்ளே அவர்களுடைய ஒரே பிள்ளையின் மூச்சு இருந்தது.

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

வெறுங்கையோடு போனால் வம்பு பார்க்க வந்தவள் என்பார்கள். கிண்ணத்தோடு போனால் உதவிக்கு வந்தவள். கொஞ்சம் ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, முந்தானையால் மூடிக்கொண்டு கார்த்திகைத் தூறலில் இறங்கினேன். மத்தியானம்தான். ஆனாலும் விளக்குப் போடுகிற அளவுக்கு மூடிக்கொண்டிருந்தது வானம். மிக்சியை அணைத்த கொஞ்ச நேரத்தில் மின்சாரமும் போயிருந்தது.

ஹாலுக்குள் காலை வைத்ததும் மூன்று வாசனை ஒன்றாக ஏறியது. டெட்டால். உலராத துணி. மூன்றாவது, மூடியிருந்த பெட்ரோல் கேனைத் திறந்தால் வருமே, அது. அந்த வீட்டில் பெட்ரோல் வண்டி எதுவும் அப்போது இல்லை. இருந்த ஒரு பைக்கும் நசுங்கிப்போய் காவல் நிலைய வாசலில் கிடந்தது.

கட்டிலில் சூரியபிரகாஷ் படுத்திருந்தான். கண் மூடியிருந்தது. மூச்சு சீராக ஏறி இறங்கிற்று. தலைமாட்டில் அழகுராஜா நின்றார். பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டிய கை. அந்த முரட்டுக் கை இரண்டும் விமானத்தைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்திருந்தன. எதிரே தலைவிரி கோலமாக ஜெயக்கொடி. வாசல் நிலையைப் பிடித்தபடி அவள் அண்ணன் சோணை, எழுமலையிலிருந்து வந்த ஈர வேட்டியோடு.

நான் கிண்ணத்தை மேஜைமேல் வைத்தேன். யாரும் அதைப் பார்க்கவில்லை.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லாமல் மேலே போனால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

சூரியபிரகாஷுக்குக் கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை. அந்த வயதுப் பையன்களுக்கு வருகிற கிறுக்கு எதுவும் அவனுக்கு வரவில்லை. வந்தது வேறு கிறுக்கு. பார்சலில் பெட்டி வரவழைப்பான். பெட்டியின்மேல் போர் விமானம் நெருப்பைக் கக்கிக்கொண்டு பறக்கும். திறந்தால் உள்ளே சீப்புச் சீப்பாகப் பிளாஸ்டிக் சட்டம், அதில் பொடிப் பொடியாகப் பாகங்கள். அதை ஒவ்வொன்றாக நறுக்கி, உரசி, ஒட்டி, பெயின்ட் அடித்து நிஜ விமானம்போல் ஆக்குவான். லீவு நாள் பூராவும் இதே வேலை. கடைசியாக வந்த பெட்டியை நான்தான் கூரியர்காரனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மூக்கில் சுறா மீனின் வாய் வரைந்த விமானம்.

“இது பர்மா சண்டையில பறந்த வண்டி பெரியம்மா. ஒத்த ஆளு ஓட்டுறது.”

“சண்டைக்குப் போற வண்டிக்கு எதுக்குடா பல்லு?”

“எதிரி பயப்படணும்ல?”

“அப்ப உங்கம்மா போட்டோவை ஒட்டு. அது போதும்.”

உதட்டை மூடிக்கொண்டே சிரிப்பான். முன்பல் ஒன்று தூக்கலாக இருக்கும், அதனால் எப்போதும் வாயை மூடித்தான் சிரிப்பு.

தீபாவளிக்கு முந்தின வாரம், வேலை முடிந்து வரும்போது நான்குவழிச் சாலையில் விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் போய் மோதினான். தலையில் அடி. பெரிய ஆஸ்பத்திரியில் போட்டு வைத்துப் பார்த்தார்கள். கடைசியில், “இனிமே வீட்டுல வச்சுப் பார்த்துக்கங்க” என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா. ஆக்சிஜன் சிலிண்டரோடு ஹாலில் கிடத்தினார்கள். அவன் மூச்சு மரம் அறுக்கிற சத்தம்போல என் சமையலறைக்குக் கேட்டது. பந்தல்காரனின் போன் நம்பரை நான் தேடி எடுத்து வைத்தேன். குறை சொல்லாதீர்கள், தெருவில் யாராவது ஒருத்திக்கு முன்யோசனை வேண்டாமா.

அப்போதுதான் சோணை வந்தார். அவர் மகள் பவதாரிணியை இவனுக்கென்றே பேசி வைத்திருந்தார்கள். முறைப்பெண்.

“ஆஸ்பத்திரிக்காரன் கைய விரிச்சா என்ன மாப்ள? நம்ம அய்யனாருக்கு உருவம் எடுப்போம்.”

எங்கள் பக்கத்தில் உயிர் ஊசலாடுகிற ஆளுக்கு இப்படி ஒரு நேர்த்தி உண்டு. அந்த ஆளைப் போலவே மண்ணில் ஓர் உருவம் செய்து கோயிலில் கொண்டுபோய் வைப்பது. ‘இதை நீ வச்சுக்க, ஆளை எங்களுக்கு விட்ரு’ என்று சாமியிடம் கேட்பது. இதில் ஒரே ஒரு கண்டிஷன். உருவத்துக்கு வீட்டில் கண் வைக்கக் கூடாது. வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப் போய், சாமிக்கு முன்னால்தான் மையால் கண்ணைத் திறக்க வேண்டும். கண் திறந்த எதுவும் வீட்டில் தங்கக் கூடாது.

சோணை சொல்லிவிட்டு எழுமலைக்குப் பஸ் ஏறிவிட்டார். அழகுராஜா மண்பொம்மை செய்கிற விளாச்சேரிக்கு ஓடினார். அங்கே ஒரே மழை. மண் உலராது, சூளை வைக்க முடியாது, வாரம் பத்து நாள் ஆகும் என்றார்கள். பிள்ளைக்கு அத்தனை நாள் ஏது?

நனைந்து வந்து ஹாலில் நின்றார் மனுஷன். மேஜைமேல் மகன் பாதியில் விட்ட விமானம் கிடந்தது. பக்கத்தில் சின்னத் தட்டில் அதன் விமானி, கட்டைவிரல் கணு அளவுக்கு.

“மண்ணா இருந்தா என்ன, பிளாஸ்டிக்கா இருந்தா என்னக்கா? உருவம் உருவந்தானே?” என்று என்னிடம் கேட்டார். நான் என்ன அய்யனாரின் சம்பந்தியா, பதில் சொல்ல? “அதானே” என்றேன்.

அந்த மனுஷன் அன்றைக்கு உட்கார்ந்த உட்காரல்! மூக்குக் கண்ணாடிமேல் ஒரு பூதக்கண்ணாடி. மகனுடைய தூரிகைகளிலேயே மெல்லியது. பெட்டியோடு வந்த தாளில் வெள்ளைக்கார நிறம் சொல்லியிருந்தது. இவர் பழுப்பும் மஞ்சளும் கலந்து தன் பிள்ளையின் நிறத்தைக் கொண்டுவந்தார். உதட்டுக்கு மேலே ஊசி முனையால் மீசை. இடது கன்னத்தில் மச்சம். தவறாமல் கண்ணை மட்டும் விட்டுவிட்டார். பிறகு அந்த உருவத்தை விமானத்தின் இருக்கையில் உட்கார வைத்தார்.

“மண் குதிரையில போறதுக்குப் பதிலா, இவன் ஆசைப்பட்ட வண்டியிலயே சாமிகிட்ட போகட்டும்க்கா.”

மகன் எப்படிச் செய்வானோ அப்படியே விமானத்தை முடித்தார். மேலே பச்சை, வயிற்றுக்குச் சாம்பல் நிறம். ஸ்டிக்கர்களைச் சாசரில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, வழுக்கி வழுக்கி ஒட்டினார். சிவப்பு வாய். வெள்ளைப் பல். பல்லுக்கு மேலே, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

“அழகுராஜா, கண்ணு வச்சுட்டீகளே?”

“அது ஸ்டிக்கருக்கா.”

அப்படிச் சொல்லிவிட்டு விமானியின் தலைக்குமேல் கண்ணாடி மூடியைக் கவிழ்த்து, சூப்பர் க்ளூவால் சுற்றிலும் ஒட்டினார்.

அந்த நொடியில் மரம் அறுக்கிற சத்தம் நின்றது.

ஜெயக்கொடி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. நானும் போனைக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் பையன் போகவில்லை. ஒரு நிமிஷம் கழித்து, தொட்டில் பிள்ளை தூங்குவதுபோல் அமைதியாக மூச்சு விட ஆரம்பித்தான். மறுநாள் வந்த நர்ஸ் ஆக்சிஜனையே கழற்றிவிட்டாள்.

எல்லோரும் பையனைப் பார்த்தார்கள். நான்தான் விமானத்தைப் பார்த்தேன்.

கண்ணாடி மூடி உள்பக்கம் மங்கியிருந்தது.

சூப்பர் க்ளூ புகை பட்டால் கண்ணாடி அப்படி வெளுத்துவிடும் என்று சூரியபிரகாஷே முன்பு எனக்குச் சொல்லியிருக்கிறான். சரி என்று விட்டிருப்பேன். ஆனால் க்ளூவால் வந்த வெளுப்பு போகாது. இது போனது. மறுபடி வந்தது. கட்டிலில் நெஞ்சு இறங்கும்போது மங்கல். ஏறும்போது தெளிவு.

மங்கல். தெளிவு.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு ரசம் கொண்டுபோக எனக்கே கால் கூசியது. போகாமலும் இருக்க முடியவில்லை. சுவரைப் பார்க்க வைத்த விமானம், நாம் திரும்பிப் பார்க்கும்போது கட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கும். மின்விசிறி ஓடாத நேரத்தில் அதன் முன்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். மூக்கில் ஒட்டிய அந்த இரண்டு கண்ணும், நாம் எங்கே நின்றாலும் நம் பக்கம்தான். மூச்சு வந்தவனுக்குக் கண் மட்டும் திறக்கவில்லை. இமையை விரலால் தூக்கினாலும் உள்ளே வெள்ளை மட்டும். தீபத் திருநாள் வந்து போயிற்று. ஜெயக்கொடி அவன் காதில் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போனாள். “எந்திரிய்யா. ஒரே ஒரு தடவை அம்மாவைப் பாருய்யா.” அந்தக் குரலுக்குப் பயந்து நான் மிக்சியை ஓட விட்டிருக்கிறேன். நான் மிக்சியை ஓட விட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மங்கலை அதற்குள் அவர்களும் கண்டுகொண்டார்கள். அழகுராஜாவுக்கோ விமானத்தைக் கோயிலுக்கு அனுப்பவும் பயம். வழியில் மூடி கழன்றுவிட்டால்?

சண்டை நடந்த அன்றைக்குத்தான் சோணை மறுபடி வந்தார். விமானத்தைப் பார்த்தார். நெற்றியில் அறைந்துகொண்டார்.

“என்ன காரியம் பண்ணிட்ட மாப்ள! வாகனத்துக்குக் கண்ணைத் திறந்துவிட்டு, மேல உக்காந்திருக்கவனைக் குருடனாவே வச்சுப் பூட்டிட்டியே! வண்டி பார்க்குது, ஓட்டுறவன் பார்க்கல. இப்ப யாரு யாரை ஓட்டுறது?”

அவருக்குத் தெரிந்த ஒரே வழி, விமானிக்கும் கண் வைத்து, பொழுது சாய்வதற்குள் கோயிலில் சேர்த்துவிடுவது. கண் வைக்க வேண்டும் என்றால் மூடியைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே இருக்கிற மூச்சு?

இப்போது விளங்குகிறதா, அந்தக் கண்ணாடிக்கு ஏன் அம்புட்டுச் சண்டை என்று.

“இருக்கது இருக்கட்டும் மச்சான்,” அழகுராஜா கெஞ்சினார். “கண்ணு தெறக்காட்டிப் போகுது. மூச்சு இருக்குல்ல? நான் இருக்கவரைக்கும் பார்த்துக்கிறேன்.”

“அது மூச்சா?” ஜெயக்கொடி புருஷனின் சட்டையைப் பிடித்தாள். “பாட்டில்ல அடைச்ச பூச்சியாட்டம் எம்பிள்ளை உள்ள கெடக்கான். இருட்டுல கெடக்கான். உங்களுக்குத் தெரியலையா?”

“ஜெயா, விடு…”

டொக்.

தூறல் சத்தம் மட்டும் கேட்டது.

டொக். டொக்.

அழகுராஜா தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார். சத்தம் அங்கிருந்துதான் வந்தது. அவர் அணைத்திருந்த கைக்குள்ளிருந்து.

“கேட்டுச்சா?” ஜெயக்கொடி கிசுகிசுத்தாள்.

சோணை வாசல் நிலையை விட்டு ஓரடி உள்ளே வந்தார்.

“ஏங்க. தட்டுறான்ங்க. தொறக்கச் சொல்லித் தட்டுறான்.”

அவர் விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. விமானத்தை அவளிடம் நீட்டியபோது அந்த ஆள் அழுத அழுகையை நான் யாரிடமும் நடித்துக் காட்டியதில்லை. மற்ற எல்லாவற்றையும் நடித்துக் காட்டியிருக்கிறேன்.

சோணை கண்மை டப்பாவைத் திறந்தார். பல் குத்துகிற குச்சியின் முனையை ஜெயக்கொடி மையில் தொட்டு வைத்துக்கொண்டாள். நான் போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். துவரம்பருப்பு அளவு முகம் அது. அதில் கண் என்றால் எம்புட்டு இருக்கும்?

மகனின் மேஜையிலிருந்த மெல்லிய கத்தியை எடுத்து மூடியின் ஓரத்தில் விட்டாள்.

‘உஸ்’ என்றது. சோடா பாட்டிலைத் திறந்ததுபோல.

முகத்தில் சூடான காற்று ஒன்று பட்டது. பெட்ரோல் வாசனை. அதற்கடியில், காய்ச்சல்காரன் வாய் வாசனை.

கட்டிலில் மூச்சு நின்றது.

“ஜெயா, சீக்கிரம்!”

அவள் குச்சி நேராகப் போயிற்று. நான் பிடித்த வெளிச்சம்தான் ஆடியது. “ஆட்டாதீக மீனாக்கா,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். இடது கண். சூரியபிரகாஷின் உதடு கறுத்துக்கொண்டு வந்தது. அழகுராஜா அவன் மார்பை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, “வாடா, வாடா, வந்துருடா” என்று கத்தினார். வலது கண்.

“மூடு!”

மூடினாள். அழகுராஜா ஓடி வந்து க்ளூவைப் பிதுக்கினார். அவர் விரலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. தோலோடு பிய்த்து எடுத்தார்.

ஒன்றுமில்லை.

கட்டிலில் ஒன்றுமில்லை.

ஜெயக்கொடி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். அவளை நான் அப்படிச் சத்தமில்லாமல் பார்த்ததே இல்லை. உள்ளூரப் பந்தல்காரனின் ஞாபகம் வந்தது எனக்கு. என் நாக்கை அறுக்க வேண்டும்.

அப்போது சூரியபிரகாஷ் ஒரு மூச்சு இழுத்தான்.

கண்ணைத் திறந்தான்.

அதன் பிறகு அங்கே நடந்த கூத்தைக் கேட்க வேண்டுமா? ஜெயக்கொடி அவன்மேல் விழுந்து முத்தம் கொடுத்தாள். அழகுராஜா பிய்ந்த விரலில் ரத்தம் ஒழுக ஒழுகச் சோணையைக் கட்டிப்பிடித்தார். நான் மட்டும், என் புத்தி அப்படி, மறுபடியும் விமானத்தைப் பார்த்தேன்.

மூக்கில் கண்கள் இல்லை.

இரண்டு பக்கமும் இல்லை. வெறும் பச்சைப் பெயின்ட். வாய் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஈரத்தில் ஸ்டிக்கர் உதிர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குனிந்து தரையில் தேடினேன். மேஜைக்கடியில் தேடினேன். அழகுராஜாவின் சட்டையில்கூடத் தேடினேன். எங்கேயும் இல்லை.

நிமிர்ந்தபோது கட்டிலிலிருந்து சூரியபிரகாஷ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். வட்டமாக விழித்த கண். இமைக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

எல்லாப் பல்லும் தெரிய.

அன்றைக்குச் சாயங்காலமே சோணை விமானத்தை வெள்ளைத் துணியில் சுற்றிக் கீழக்குயில்குடிக்குக் கொண்டுபோய், அய்யனார் கோயிலில் மண் குதிரைகளுக்கு நடுவே வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தார். தை பிறக்கும்போது பையன் எழுந்து நடந்தான். டாக்டர்களுக்கே ஆச்சரியம். வைகாசியில் பவதாரிணியைக் கல்யாணம் செய்து வைத்தார்கள். பந்தியில் பாயசம் நீர்த்திருந்தது, மற்றபடி குறையில்லை. மாப்பிள்ளை வேலையை மாற்றிக்கொண்டு ஓசூருக்குப் பெண்டாட்டியோடு குடிபோனான். அழகுராஜாவும் மகனோடு போய்விட்டார்.

ஜெயக்கொடி போகவில்லை.

திருநகர் வீட்டை ஒரு பேங்க்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, கீழக்குயில்குடியில் மலையடிவாரத்தில் ஓர் ஒற்றை அறையில் குடியேறினாள். செத்துப் பிழைத்த ஒரே பிள்ளையை விட்டுவிட்டு ஒருத்தி இப்படிப் போவாளா? தெருவே பேசியது. மருமகளோடு ஆகவில்லை என்றார்கள் பாதிப் பேர். சொந்த அண்ணன் மகளோடு என்ன ஆகாமல் போகும் என்றார்கள் மீதிப் பேர். எனக்கானால் தூக்கம் வரவில்லை. பேங்க்காரர் வீட்டில் பேசுவதுகூட இல்லை, எல்லாம் போனில்தான்; அந்த ஜன்னலால் எனக்குப் பிரயோசனம் போயிற்று.

அந்த நேரத்தில்தான் பவதாரிணி எனக்கு போன் போட்டாள். மாசமாக இருக்கிறாளாம். நல்ல சேதிதான். குரல் அப்படி இல்லை.

“பெரியம்மா, ஒண்ணு கேக்கவா? சிரிக்கக் கூடாது.”

“கேளுத்தா.”

“இங்க காலைல ஒரே குளிரு. ஜன்னல்கிட்ட நின்னா என் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்குது. அவுக பக்கம் பளிச்சுன்னே இருக்கு. விளையாட்டுக்கு ஊதச் சொன்னேன். ஊதுறாக, ஊதுறாக. ஒண்ணுமே படியல.” பிறகு ரொம்ப மெதுவாக, “படுத்தா கண்ணை மூட மாட்டேங்கிறாக பெரியம்மா.”

நான் மறுநாளே கிண்ணத்தோடு கீழக்குயில்குடிக்குப் பஸ் ஏறினேன்.

உச்சிப் பொழுது. வெயில் மண்டையைப் பிளந்தது. மண் குதிரைகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் குடை விரிந்திருந்தது. குடைக்கடியில் ஜெயக்கொடி இல்லை. அவள் வெயிலில்தான் உட்கார்ந்திருந்தாள். குடை விமானத்துக்கு. பச்சைப் பெயின்ட் வெளுத்துப்போய், இறக்கையில் ஒரு பக்கம் பறவை எச்சம். அவள் அதைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள், குளிப்பாட்டுகிற மாதிரி.

“வாங்க மீனாக்கா. எப்ப வருவீகன்னு பார்த்தேன்.”

பக்கத்தில் உட்கார்ந்தேன். பவதாரிணி சொன்னதைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

“கண்ணைத் தொறந்தானே, அன்னிக்கே தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா, பாக்குறது யாருன்னு.”

“அப்ப ஏன்டி சும்மா இருந்த? இதை இப்பத் தொறந்துவிட்டா…”

“தொறந்தா?” என் பக்கம் திரும்பினாள். கண்ணுக்கடியில் கரி பூசியதுபோல் கிடந்தது. “இங்க இவன் வெளிய வருவான். எங்க போவான்? ஒடம்புல வேற ஆளு இருக்கு. அந்த ஆளை வெரட்டுனா ஒடம்பு விழுந்துரும். பவா வயித்துல பிள்ளை. எங்கண்ணன் மக தாலியை நானே அறுக்கவா? சொல்லுங்க. எம்புட்டோ யோசிச்சுட்டேன். ஊருக்கெல்லாம் யோசனை சொல்வீகளே, எனக்கு ஒண்ணு சொல்லுங்க.”

யோசனைக்குப் பதிலாகக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். வாழ்க்கையில் முதல் தடவை.

அவள் குனிந்து கண்ணாடி மூடிக்குக் கிட்டே வாயை வைத்தாள். “யார் வந்திருக்கா பாரு. உன் மீனா பெரியம்மா,” என்றாள்.

நானும் குனிந்தேன். அந்த வெயிலில் கண்ணாடி மங்கியிருந்தது. தெளிந்தது. மங்கியது. உள்ளே துவரம்பருப்பு முகத்தில், மையால் வைத்த இரண்டு புள்ளி. ஜெயக்கொடி உட்கார்ந்திருந்த பக்கத்தில் மட்டும், மங்கலுக்கு நடுவே, எள்ளளவுக்கு ஓர் இடம் துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருந்தது. நான் என் விரலால் வெளியே தேய்த்துப் பார்த்தேன்.

துடைத்திருந்தது உள்பக்கம்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் பக்கத்துக் கண்ணாடியிலும் எள்ளளவுக்கு ஓர் இடம் தெளிந்தது.